‘எனக்குக் கோடிங் வரவில்லை’: பைத்தான் தொடங்குபவர்களுக்கு அறிகுறி வாரியாகக் கோளாறு நீக்கும் வழிமுறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் வட்டாரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்களும், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்து வருபவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்கும் மாலை வகுப்பில், ஆண்டு மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை. ‘எனக்கு இது வராது’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவரின் கணினியையும் கோப்பையும் ஐந்து நிமிடம் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு அவருடைய அறிவில் இருப்பதில்லை. ஒரு மேற்கோள்குறியிலோ கோப்பின் பெயரிலோ பழக்கத்திலோ இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் புது மொழிக்கு மாறுவதும், புது மடிக்கணினி வாங்குவதும், கட்டண வகுப்பில் சேர்வதும் வீண் செலவு. எனவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. உங்கள் அறிகுறிக்குரிய தலைப்பை மட்டும் படித்தால் போதும்.

கணினி தன் பிழைச்செய்திகளை ஆங்கிலத்தில்தான் காட்டும்; இங்கே அவற்றை வாயால் சொல்வதுபோல் எழுதியிருக்கிறேன்.

## அறிகுறி: கட்டளையைத் தட்டினால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது

### விண்டோஸ் கணினியாக இருந்தால்

பைத்தான் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது கமாண்ட் பிராம்ட் என்னும் கறுப்புக் கட்டளைச் சாளரத்துக்குத் தெரிந்திருக்காது. முழுப் பெயருக்குப் பதிலாக பி, ஒய் என்னும் இரண்டு எழுத்துகளை மட்டும் தட்டிப் பாருங்கள். பைத்தானின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவியவர்களுக்கு இந்தக் குறுங்கட்டளை பெரும்பாலும் வேலை செய்யும். வேலை செய்தால் அதையே பயன்படுத்திக்கொண்டு பாடத்தைத் தொடரலாம், வேறெதையும் தொட வேண்டியதில்லை.

அதுவும் வேலை செய்யாவிட்டால், இருப்பதை நீக்கிவிட்டு நிறுவு நிரலை மறுபடியும் இயக்கி, முதல் திரையின் அடியில் ‘பாத்’தில் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலில்) சேர்க்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் டிக் செய்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள். நிறுவி முடிந்ததும் பழைய கறுப்புச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். முன்பே திறந்திருந்த சாளரத்துக்குப் புதிய பாதை தெரியாது. கட்டளையைத் தட்டியவுடன் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்கிறதென்றால், செட்டிங்ஸில் ‘ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸ்’ என்று தேடி, அங்கே பைத்தான் பெயரில் இருக்கும் சுவிட்சுகளை அணைத்துவிடுங்கள்.

நிறுவவே மறுத்தால் விண்டோஸின் பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 7 உள்ள கணினிக்குப் பைத்தான் 3.8 தான் கடைசி, விண்டோஸ் 8.1 என்றால் 3.12 வரை, 3.13 முதல் விண்டோஸ் 10 வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பழையவற்றை அண்ணனிடமிருந்தோ அக்காளிடமிருந்தோ வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். தொடக்கநிலைப் பாடங்களுக்கு 3.8 தாராளமாகப் போதும். பாடநூலில் உள்ள ஏதேனும் ஒரு புதுக் கட்டளை அதில் இல்லாமல் போகலாம். அதற்காக மடிக்கணினியை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை.

### லினக்ஸ் கணினியாக இருந்தால்

கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸே நடைமுறையில் இருப்பதால், எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டிலும் அதையே போட்டிருக்கிறார்கள். பொள்ளாச்சி நண்பர் தன் விண்டோஸில் தட்டிய கட்டளையை இவர்கள் அப்படியே தட்டினால் வேலை செய்யாது. லினக்ஸில் பைத்தான் என்பதோடு இடைவெளி விடாமல் 3 என்ற எண்ணையும் சேர்க்க வேண்டும். பைத்தானின் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தபின், எண் இல்லாத அந்த வெறும் பெயர் உபுண்டுவில் எதையும் சுட்டாமல் விடப்பட்டது, காரணம் அவ்வளவுதான். ஆமை வரைபடம் வரையும் டர்ட்டில் பயிற்சியில் ‘டி-கே-இன்டர் இல்லை’ என்று செய்தி வந்தால், பைத்தான்3-டிகே என்ற பொதியைத் தனியாக நிறுவினால் சரியாகிவிடும்.

### கையில் கைப்பேசி மட்டும் இருந்தால்

ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு 3 போன்ற செயலியைக் கொண்டு முதற்பாடங்களை முடித்துவிடலாம். அங்கே வரும் தனிக் கோளாறு விசைப்பலகையால் வருவது: வரியின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும், இரண்டு முறை இடைவெளி தட்டினால் முற்றுப்புள்ளி வைத்துவிடும். பைத்தானுக்குப் பெரிய ‘பி’ போட்ட பிரிண்ட் வேறு, சிறிய ‘பி’ போட்ட பிரிண்ட் வேறு. விசைப்பலகை அமைப்புகளில் தானியங்கிப் பெரிய எழுத்தையும் சொல்திருத்தத்தையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

### ஆளை அழைக்க வேண்டிய இடம்

கணினி திறக்கவே பல நிமிடம் எடுப்பது, இடையிடையே உறைந்து நிற்பது, உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வருவது ஆகியவை ஹார்ட் டிஸ்க் பழுதின் அடையாளங்கள். அவற்றுக்கும் பைத்தானுக்கும் தொடர்பில்லை. சத்தம் வந்தால் எதையும் நிறுவ முயலாமல், முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போங்கள். புதுக் கணினியின் விலையைக் கேட்கும் முன், இதே கணினிக்கு ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

## அறிகுறி: நிரலை இயக்கினால் எதுவுமே வரவில்லை, அல்லது கறுப்புச் சாளரம் மின்னி மறைகிறது

மின்னி மறைந்தால் நிரல் ஓடி முடிந்துவிட்டது என்று பொருள். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறப்பதை விட்டுவிட்டு, ஐடில் என்னும் பைத்தானின் சொந்தத் திருத்தியில் திறந்து எஃப்5 அழுத்துங்கள். விடை நிலையாக நிற்கும்.

எதுவுமே வராவிட்டால் மூன்றை வரிசையாகப் பாருங்கள். கோப்பைச் சேமித்தீர்களா? நோட்பேடில் எழுதியவர்களுக்குக் கோப்பின் பெயர் ‘கணக்கு டாட் பிஒய்’ என்று தெரிந்தாலும், விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ‘டாட் டிஎக்ஸ்டி’ என்ற வால் கடைசியில் ஒட்டியிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பகுதியில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொன்னால் அது தெரிந்துவிடும். மூன்றாவதாக, செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை எழுதிவிட்டு அதை எங்குமே அழைக்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் நிரலில் பிழை இல்லை, வேலையும் இல்லை.

நிரல் உங்களுக்காகக் காத்திருக்கவும் கூடும். இன்புட் கட்டளைக்கு ‘விலை என்ன?’ என்பதுபோன்ற கேள்வி எதுவும் கொடுக்காவிட்டால், திரையில் வெறுமையாகச் சுட்டி மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். ஓர் எண்ணைத் தட்டி என்டர் அழுத்திப் பாருங்கள்.

## அறிகுறி: வீடியோவில் உள்ளதை அப்படியே தட்டியும் சிவப்பு எழுத்து வருகிறது

முதலில், சிவப்பு எழுத்துகளின் கடைசி வரியைப் படியுங்கள். மேலே எத்தனை வரி இருந்தாலும் பிழையின் பெயரும் காரணமும் கடைசி வரியில்தான் இருக்கும். அதற்குச் சற்று மேலே வரி எண் இருக்கும். அந்த வரியில் தவறே தெரியவில்லையென்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள், ஏனெனில் மூடப்படாத அடைப்புக்குறி ஒன்று இருந்தால், பழைய பதிப்புகள் அடுத்த வரியில் போய்த்தான் முறையிடும். பிறகு கடைசி வரியின் முதற்சொல்லைக் கொண்டு கீழே பிரித்துப் பாருங்கள்.

### சின்டாக்ஸ் எரர் என்றால்

முக்காற்புள்ளி (:) விட்டுப்போனதா, அடைப்புக்குறி ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறதா என்பது முதற்சோதனை. பிரிண்டுக்கு அடைப்புக்குறியே இல்லையென்றால் நீங்கள் பின்பற்றுவது 2ஆம் பதிப்புக்கான பழைய பாடம். அந்த வீடியோவை மூடிவிடுங்கள், ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டிருப்பது பயன் தராது.

அடுத்தது, வாட்ஸ்அப் குழுவிலோ பிடிஎஃபிலோ வந்த நிரலை நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு வரும் கோளாறு. செய்தியில் ‘செல்லாத எழுத்து’ என்று சொல்லி ஒரு மேற்கோள்குறியைக் காட்டும். பார்ப்பதற்கு எல்லாம் மேற்கோள்குறிதான். ஆனால் பைத்தானுக்கு நேராக நிற்கும் குறி மட்டுமே தெரியும், வேர்டும் அச்சு நூல்களும் போடும் வளைந்த குறி தெரியாது. கண்ணுக்கே தெரியாத இடைவெளி எழுத்துகளும் இப்படி ஒட்டிக்கொண்டு வரும். அப்போது ‘அச்சிட முடியாத எழுத்து’ என்ற பொருளில் செய்தி வரும். அந்த வரியை முழுவதும் அழித்துவிட்டுக் கையால் தட்டினால் இரண்டும் தீரும்.

மூன்று கூர்முனைக் குறிகள், அதாவது >>> என்பது நிற்கும் இடத்தில் கோப்பை இயக்கும் கட்டளையைத் தட்டினாலும் இதே பிழைதான் வரும். அந்தக் குறி தெரிந்தால் நீங்கள் ஏற்கெனவே பைத்தானுக்குள் இருக்கிறீர்கள்; வெளியே வந்து கமாண்ட் பிராம்ட்டில் தட்ட வேண்டும். அதுபோலவே, பாடத்தில் உள்ள அந்தக் குறியையும் சேர்த்து நகலெடுத்துக் கோப்பில் ஒட்டக் கூடாது.

### இன்டென்டேஷன் எரர் அல்லது டேப் எரர் என்றால்

வரியின் தொடக்கத்தில் விடப்பட்ட இடம் ஒழுங்காக இல்லை. முக்காற்புள்ளியில் முடியும் வரிக்கு அடுத்த வரி நான்கு இடைவெளி உள்ளே தள்ளியிருக்க வேண்டும். ஒரு வரியில் டேப் விசையும் மறுவரியில் இடைவெளி விசையும் பயன்படுத்தியிருந்தால், திரையில் ஒரே நேராகத் தெரிந்தாலும் பைத்தான் ஏற்காது. ஒரே திருத்தியில் முழு நிரலையும் எழுதினால் இந்தக் கோளாறு அரிது. பாதி கைப்பேசியிலும் பாதி கணினியிலும் எழுதுபவர்களுக்கே அடிக்கடி வருகிறது.

### நேம் எரர் என்றால்

எழுத்துப்பிழை, அல்லது பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு, அல்லது மேற்கோள்குறி போடாமல் விட்ட சொல். 3.10 முதலான பதிப்புகள் ‘நீங்கள் இதைச் சொல்ல வந்தீர்களா?’ என்று சரியான பெயரையும் பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. அதைப் படிக்காமலே என்னைக் கூப்பிடுபவர்கள்தான் அதிகம்.

## அறிகுறி: பிழைச்செய்தி இல்லை, விடை மட்டும் தவறு

தொடக்கநிலையில் மிகவும் குழப்புவது இதுதான், ஏனெனில் கணினி எதையும் முறையிடுவதில்லை.

சித்தூர்ப் பக்கத்தில் பால் ஊற்றாத வீடு குறைவு என்பதால், சங்கத்தில் ஊற்றிய பாலுக்குத் தொகை கணக்கிடும் நிரலை முதற்பயிற்சியாகத் தருவது வழக்கம். லிட்டரையும் விலையையும் கேட்டுப் பெருக்க வேண்டும், அவ்வளவே. இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் அதை எழுத்துச் சரமாகவே தரும். 40 என்று தட்டினால் நாற்பது என்ற எண் கிடைக்காது, நான்கு, சுழியம் என்னும் இரண்டு எழுத்துகளே கிடைக்கும். இரண்டு சரங்களைப் பெருக்கச் சொன்னால் டைப் எரர் வரும். உடனே மாணவர் லிட்டரை மட்டும் ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றுவார், விலையை மறந்துவிடுவார். இப்போது பிழைச்செய்தி போய்விடும். ஆறு லிட்டருக்கு விடை 404040404040 என்று வரும். ‘மாஷே (ஆசிரியரே), நாற்பதாயிரம் கோடிக்கு மேல் காட்டுகிறது’ என்று வகுப்பே சிரிக்கும். சரத்தை ஆறால் பெருக்கினால் அதை ஆறு முறை அடுக்கி வைப்பது பைத்தானின் ஒழுங்கான வேலைதான். இதில் கணினி மீது குறையில்லை.

சோதனை எளிது. சந்தேகம் உள்ள ஒவ்வொரு மாறியையும் (மதிப்பைத் தாங்கும் பெயரையும்) ‘டைப்’ கட்டளைக்குள் இட்டு அச்சிட்டுப் பாருங்கள். ‘எஸ்டிஆர்’ என்று வந்தால் அது சரம், இன்னும் எண்ணாகவில்லை. ஆறரை லிட்டர் ஊற்றியவர் 6.5 என்று தட்டினால் ‘இன்ட்’ அதை ஏற்காமல் வேல்யூ எரர் தரும். தசமம் வரக்கூடிய இடத்தில் ‘ஃப்ளோட்’ போட வேண்டும்.

விடை சற்றே விலகியிருந்தால் வேறு காரணங்களைத் தேடுங்கள். வாய்ப்பாட்டில் பத்தாவது வரி மட்டும் வரவில்லையென்றால் ‘ரேஞ்ச்’ கட்டளையில் 1, 10 என்று கொடுத்திருப்பீர்கள்; அது கடைசி எண்ணைச் சேர்க்காது, ஒன்பதோடு நின்றுவிடும், எனவே 11 என்று கொடுக்க வேண்டும். மொத்தத் தொகை ஒரு முறை வர வேண்டிய இடத்தில் பத்து முறை வந்தால், பிரிண்ட் வரி மடக்குக்குள் (லூப்) தள்ளியிருக்கிறது. அதை இடப்பக்கம் இழுங்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவது உங்கள் தவறன்று. தசம எண்களைக் கணினி இரும எண்ணாகச் சேமிக்கும் முறையால் பெரும்பாலான மொழிகளிலும் வருவது. பணக் கணக்கை ரூபாயில் வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பதிலைத் தட்டினாலும் ‘ஆம்’ என்றே எடுத்துக்கொள்கிறதா? பதில் ‘ஆம்’ என்பதற்குச் சமமா, அல்லது ‘ஆமாம்’ என்று எழுதியிருப்பீர்கள். நமக்கு அது தெளிவான வாக்கியம். பைத்தானுக்கோ ‘அல்லது’ என்பதற்குப் பின்னால் தனியாக நிற்கும் ‘ஆமாம்’ என்ற சரம் எப்போதுமே உண்மை. ஒப்பீட்டை இரண்டாம் முறையும் முழுதாக எழுத வேண்டும்.

### தமிழில் எழுதும்போது மட்டும் விடை தவறினால்

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கப் பைத்தான் 3 அனுமதிக்கிறது. கீழே உள்ளது முறையான நிரல் வரிதான்.

தொகை = லிட்டர் * விலை

ஆனால் எழுத்துகளை எண்ணும்போது கவனம் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ‘லென்’ கொண்டு கேட்டால் 3 என்று வராது, 5 என்று வரும். யூனிகோடில் த ஒன்று, ம ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியே சேமிக்கப்படுவதே காரணம். சொல்லைத் திருப்பிப் போடும் பயிற்சியில் கொக்கியும் புள்ளியும் எழுத்தை விட்டுக் கழன்று நிற்பதும் இதனால்தான். ஓப்பன்-தமிழ் என்னும் இலவச நூலகம் சொல்லை நம் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது, அதை நிறுவிக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் தமிழைக் கோப்பில் எழுதும்போது ‘யூனிகோட் என்கோட் எரர்’ வந்தால், கோப்பைத் திறக்கும் கட்டளையில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். கறுப்புச் சாளரத்தில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிவது எழுத்துருக் குறை மட்டுமே; ஐடிலில் இயக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது

கன்ட்ரோல் விசையோடு ‘சி’யை அழுத்தி நிறுத்துங்கள். ‘வைல்’ மடக்கின் நிபந்தனையில் உள்ள மாறி, மடக்குக்குள் மாறுகிறதா என்று பாருங்கள். அதைக் கூட்டும் வரி இல்லாமலிருக்கும், அல்லது மடக்குக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கும். மடக்குக்குள் அந்த மாறியை அச்சிட்டால் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது கண்ணுக்குத் தெரியும்.

## அறிகுறி: நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை

உங்கள் கோப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதே முதற்கேள்வி. ரேண்டம் பாடத்தைப் பழகுகிறவர் கோப்புக்கும் ‘ரேண்டம்’ என்றே பெயர் வைப்பார். டர்ட்டில் பழகுகிறவர் ‘டர்ட்டில்’ என்று வைப்பார். அதன்பின் அந்த மாட்யூலை (ஆயத்த நிரல்தொகுப்பை) இம்போர்ட் செய்யும்போது பைத்தான் தன்னுடையதை எடுக்காமல், அதே கோப்புறையில் இருக்கும் உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு, ‘பாதி மட்டும் ஏற்றப்பட்ட மாட்யூல்’ என்ற பொருளில் அட்ரிப்யூட் எரர் தரும். கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்தக் கோப்புறையில் உள்ள மற்ற நிரல்களும் சேர்ந்தே கெடும் என்பதால், தான் தொடவே தொடாத நிரல் ஏன் கெட்டது என்று தெரியாமல் பைத்தானையே நீக்கி மறுபடி நிறுவியவர்களும் உண்டு; கோப்பு அங்கேயே இருக்கும்வரை அதனால் பயனில்லை.

ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர் வந்தால், பெரும்பாலும் நிரல் வேறு கோப்புறையிலிருந்து இயக்கப்படுகிறது. தரவுக் கோப்பையும் நிரலையும் ஒரே கோப்புறையில் வைத்து, அங்கிருந்தே இயக்குங்கள்.

மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர் என்றால், தேவையான நூலகத்தை நிறுவவில்லை, அல்லது கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்து ஒன்றில் நிறுவிவிட்டு மற்றொன்றில் இயக்குகிறீர்கள். நிரலை எந்தக் கட்டளையால் இயக்குகிறீர்களோ, அதே கட்டளைக்குப் பின் ‘-எம் பிப்’ என்று சேர்த்து நிறுவினால் இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். உபுண்டு 23.04 முதலான பதிப்புகளில் ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று தடுத்தால், அதை வலிந்து மீறும் வழியை இணையத்தில் பார்த்துத் தட்டாதீர்கள். வீஎன்வ் கொண்டு தனிச்சூழல் ஒன்றை அமைத்து அதற்குள் நிறுவுங்கள். இந்த இடம் புரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அருகில் உட்கார வைத்து ஒரு முறை செய்துவிடுவது நல்லது, ஏனெனில் லினக்ஸின் சொந்த நிரல்கள் சிலவும் அதே பைத்தானை நம்பியிருக்கின்றன.

## அறிகுறி: கல்லூரிக் குறிப்பில் உள்ள சி++ நிரல் முதல் வரியிலேயே விழுகிறது

சி++ படிப்பவர்களும் அடிக்கடி இதோடு வருவதால் சேர்க்கிறேன். முதல் வரியில் ஐஓஸ்ட்ரீம் என்பதோடு ‘டாட் எச்’ இருந்து, நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றால், அந்தக் குறிப்பு நீலத்திரை டர்போ சி++ காலத்தது. மொழிக்கு 1998இல் தரம் வகுக்கப்படுவதற்கு முந்தைய நடை. ‘டாட் எச்’சை நீக்கி, ‘யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி’ என்ற வரியைச் சேர்த்து, மெயினுக்கு முன் ‘வாய்ட்’ என்பதை ‘இன்ட்’ ஆக்கி, ‘கோனியோ’வையும் ‘கெட்ச்’சையும் எடுத்துவிட்டால் பெரும்பாலான நிரல்கள் ஓடிவிடும். தேர்வில் எந்த நடையை எழுத வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: எந்த மொழியில் தொடங்குவது என்றே முடிவாகவில்லை

தேர்வு இருப்பவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். கேரள மேல்நிலைக் கணினி அறிவியலில் சி++. உங்கள் பாடநூலில் உள்ளதே உங்கள் மொழி. தேர்வு இல்லாதவர் பைத்தானை எடுக்கலாம். பத்து வயதுக்குக் கீழ் என்றால், கட்டங்களை இழுத்துச் சேர்த்து நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச். இதற்கு மேல் ஒப்பிட்டு வீடியோ பார்ப்பது தொடங்காமலிருப்பதற்கான வழி.

## அறிகுறி: பார்க்கும்போது புரிகிறது, வெற்றுத் திரையில் எழுத வரவில்லை

இதற்குப் பிழைச்செய்தி கிடையாது. அதனாலேயே, ஆளை விட்டு விலகச் செய்வதும் இதுதான்.

### காரணம் பழக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்

வீடியோ பார்க்கும்போது கை விசைப்பலகையில் இருந்ததா? இல்லையென்றால், கற்றது நிரல் எழுதுவதன்று, நிரல் எழுதுவதைப் பார்ப்பது. மாற்றுவழி இது: பத்து வரிக்கு மிகாத ஒரு நிரலை எடுத்து, இயக்கும் முன் திரையில் என்ன வரும் என்று தாளில் எழுதுங்கள். மாறிகளின் பெயர்களை மேலே வரிசையாக எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அவற்றின் மதிப்பு என்ன என்று கீழே கீழே நிரப்பிக்கொண்டே வாருங்கள். பிறகு இயக்கி ஒப்பிடுங்கள். தாளில் எழுதியதும் திரையில் வந்ததும் எந்த வரியில் முதலில் பிரிகின்றனவோ, நீங்கள் படிக்க வேண்டிய பாடம் அந்த ஒரு வரிதான். முழு வீடியோவையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. பைத்தான் டியூட்டர் என்ற இலவசத் தளம் இதே வேலையை வரி வரியாகப் படம் போட்டுக் காட்டும். ஆனால் தாளில் செய்த பிறகே அதைத் திறக்க வேண்டும்.

அடுத்து, அதே நிரலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பால் கணக்கில் காலை, மாலை என்று இரண்டு வேளையாக்குங்கள். தீவனத்துக்குக் கழித்த பணத்தைச் சேருங்கள். மறுநாள், பழைய கோப்பைத் திறக்காமல், வெற்றுத் திரையில் அதையே எழுதுங்கள். மாட்டிக்கொள்ளும் இடத்தில் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடலாம். பார்த்துக்கொண்டே தட்டக் கூடாது.

### காரணம் கணக்கின் அளவில் இருக்கிறதா

‘கடைக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர்’ என்று தொடங்குபவருக்கு எழுத வராமல் போவது இயல்பே. தமிழில், நான்கைந்து வாக்கியத்தில், என்ன செய்ய வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் கோளாறு மொழியில் இல்லை, கணக்கே இன்னும் தெளிவாகவில்லை. எழுத முடிந்தால், அந்த வாக்கியங்களையே நிரலில் குறிப்புரையாக இட்டு, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய வரிகளை எழுதிக்கொண்டே போகலாம்.

### காரணம் ஆங்கிலமோ தட்டச்சோ என்று தோன்றினால்

தமிழ்வழியில் படித்தவர்கள் முதலில் சொல்லும் காரணம் ஆங்கிலம். அது பெரும்பாலும் அச்சம் மட்டுமே. பைத்தானின் முதன்மைச் சொற்கள் மொத்தம் 35. தொடக்கத்தில் தேவைப்படுபவை அவற்றில் பாதிகூட இல்லை. பிழைச்செய்திகளிலும் அதே சில சொற்கள்தாம் சுற்றிச் சுற்றி வருகின்றன. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வந்த செய்தியையும் அதற்கான காரணத்தையும் தமிழில் எழுதி வைத்தால் சீக்கிரமே அந்தப் பக்கத்தில் புதிதாக எழுத ஒன்றும் இருக்காது. தமிழிலேயே கேட்டுக் கற்க விரும்பினால், ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் பல மென்பொருள் பாடங்களைத் தமிழ் ஒலியிலும் இலவசமாகத் தருகிறது. தட்டச்சில் அடைப்புக்குறிகளும் முக்காற்புள்ளியும் எங்கே இருக்கின்றன என்று தேடுபவர்கள், வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தக் குறிகளை மட்டும் தனியாகப் பழக வேண்டும். எழுத்துவேகம் பின்னால் வரும்.

### செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுக்கிறதா

அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. எந்த நேரத்தில் என்பதே கேள்வி. பிழைச்செய்தியைக் கொடுத்து, தமிழில் விளக்கு, திருத்திய நிரலைத் தராதே என்று கேட்டால் அது நல்ல துணை. நிரலையே கேட்டு வாங்கி ஒட்டினால் பயிற்சி முடிந்ததுபோல் தெரியும், மறுநாள் வெற்றுத் திரையில் மறுபடியும் இதே அறிகுறி வரும்.

### காசு கொடுக்கும் முன், ஆளை அழைக்க வேண்டிய இடம்

மேலே சொன்னவற்றைச் சில வாரம் ஒழுங்காகச் செய்தும், தாளில் எழுதிய மதிப்புகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினால், அதாவது மடக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதோ, செயற்கூறு எதைத் திருப்பித் தருகிறது என்பதோ பிடிபடவே இல்லையென்றால், அப்போது தெரிந்த ஒருவர் அருகில் உட்கார வேண்டும். நிரலாளராக வேலை பார்க்கும் உறவினரோ, பள்ளியின் கணினி ஆசிரியரோ, கேரளப் பள்ளிகளின் மாணவர் கணினிக் குழுவான லிட்டில் கைட்ஸ் அணியில் இருந்த மூத்த மாணவரோ போதும். கேட்கும்போது திரையைச் சாய்த்து எடுத்த ஃபோட்டோவை அனுப்பாதீர்கள்; முழு நிரலையும் முழுப் பிழைச்செய்தியையும் எழுத்தாக நகலெடுத்து, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள் என்ற மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

கட்டண வகுப்பு என்பது இதற்கும் அடுத்த படி. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை உள்ளே உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். பார்க்கும்போது சொல்லிக்கொடுப்பவரின் திரையைப் பார்க்காமல், மாணவர்களின் திரைகளைப் பாருங்கள். எல்லாத் திரையிலும் ஒரே நிரல் ஒரே வரியில் நின்றால் அங்கே நகலெடுப்புத்தான் நடக்கிறது. திரைக்குத் திரை வேறுபட்டு, சிலவற்றில் சிவப்பு எழுத்தும் இருந்து, அதை மாணவரே படித்துத் திருத்திக்கொண்டிருந்தால், கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை என்று கேட்கலாம்.